அடியிறக்கம்

என் மூன்றாவது பிள்ளை இறந்து பிறந்தது. ஆண் குழந்தை. வயிற்றுக்குள் திரும்பிக் கிடந்ததாகப் பிறகு சொன்னார்கள். நாள் கணக்கில் நொந்து, கடைசியில் ஆஸ்பத்திரியில் ஆயுதம் போட்டு இழுத்து எடுத்தார்கள். என் கணவர் அதை ஒரு வெள்ளைத் துணியில் வாங்கிக்கொண்டு போனார். எங்கே புதைத்தார் என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

அந்தப் பிள்ளைக்காக அழ எல்லோரும் எனக்கு இடம் விட்டார்கள். என் உடம்புக்கு என்ன நடந்தது என்று கதைப்பதற்குத்தான் ஒருவரும் இருக்கவில்லை.

எங்கள் வீடு லிங்கநகர் ஏற்றத்தில் இருந்தது. தண்ணீர்ப் பைப் கீழே, ரோட்டோரம். துடக்குக் கழித்து நான் மறுபடி குடம் எடுத்த நாள், ஏற்றத்தின் பாதியில் ஒரு தும்மல் வந்தது. சலம் தொடையால் ஓடிக் காலில் இறங்கியது. குடத்துத் தண்ணீர் தளும்பியதாக நினைத்துக்கொள்ளப் பார்த்தேன். தண்ணீர் குளிர்ந்திருக்கும், இது சூடாக இருந்தது. அதற்குப் பிறகு இருமினால் போகும், சிரித்தால் போகும், மகளைத் தூக்கினால் போகும். பின்னேரமானால் உள்ளே ஏதோ கழன்று வாசலில் வந்து நிற்பது போல ஒரு பாரம். குளிக்கும்போது கையில் வழுவழுப்பாக ஒன்று தட்டுப்பட்டது. புற்றுநோய் என்று முடிவு கட்டினேன். பிள்ளைகள் இரண்டையும் யார் பார்ப்பார்கள் என்று குசினிக்குள் அடுப்பின் முன்னால் இருந்து யோசித்தேனே தவிர, ஒருவருக்கும் வாய் திறக்கவில்லை.

பழைய சீலைகளைக் கிழித்து மடித்து வைத்துக்கொண்டேன். கழுவிய துண்டுகளைக் கொடியில் வெளிப்படையாகப் போட ஏலாது. என் கணவரின் சாரத்துக்கு அடியில் மறைத்துப் போடுவேன். அவை நன்றாகக் காயாது. மழைக் காலத்தில் ஈரமாகவே கட்டித் தொடையெல்லாம் வெந்துபோகும். கோணேசர் மலைக்குப் போவதை விட்டேன். பஸ்ஸில் ஏறுவதை விட்டேன். என் கணவர் துறைமுக வேலைத்தளத்தில் இரும்பு ஒட்டுகிறவர். அதிகம் பேச மாட்டார். பாயை எடுத்துக்கொண்டு போய் முன் அறையில் பிள்ளைகளோடு படுக்கத் தொடங்கினார். மணம் அவருக்குப் பட்டிருக்கும் என்று நினைத்தேன். அது என்னைக் கொன்றது.

எங்கள் ஒழுங்கையில் ஒரு பிள்ளை பெரியவளாகிச் சாமத்திய வீடு வைத்தார்கள். போகாமல் விட்டால் கோபிப்பார்கள் என்று போனேன். பொம்பிளைகளோடு பாயில் இருந்து பலகாரம் சாப்பிடும்போது புரைக்கேறியது. இருமி முடிந்தபோது எனக்குக் கீழே பாய் நனைந்திருந்தது. எழும்ப ஏலாது, இருக்கவும் ஏலாது. தலையைக் குனிந்துகொண்டு இருந்தேன். பக்கத்தில் இருந்தவர் அடுத்த வளவு முஸ்லிம் மனுசி. அவர் தண்ணீர்ச் செம்பை எடுத்தார். எடுத்தவர் அப்படியே என் மடியில் கவிழ்த்தார்.

"யா அல்லாஹ், கை வழுக்கிட்டு புள்ள! சீலையெல்லாம் போச்சே!" என்று சத்தமாகச் சொன்னார். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவர் தன் முக்காட்டுத் துணியால் என் மடியைத் துடைத்து, "எழும்பு, வீட்ட போய் மாத்திட்டு வருவம்" என்று கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வெளியே வந்தார்.

ஒழுங்கையில் வைத்து அவர் சொன்னார்: "எனக்கும் இரிக்கி. அதான் கண்டுட்டன்."

அன்றிலிருந்து அவரை ராத்தா என்று கூப்பிட்டேன். கிண்ணியாவில் அக்காவை அப்படித்தான் கூப்பிடுவார்கள். அவர் அந்த ஊர். அவருடைய கணவருக்கு பஸார் பக்கம் அரிசிக் கடை. ஆறு பிள்ளைகள். நாலாவதுக்குப் பிறகு தனக்கு இது தொடங்கியதாகச் சொன்னார். எனக்குத் தெரிந்து, இதை வாய் விட்டுச் சொன்ன முதல் மனுசி அவர்தான். என் குசினியில் பலகைக் கட்டையில் இருந்து சொன்னார், முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டு.

"கை கால் கழுவி ஒளு எடுத்துட்டு, தொழுற பாய் முசல்லாவுல நிக்கிறன். குனியக்குள்ள போயிருது. திரும்ப ஒளு எடுப்பன். திரும்பப் போயிரும். மூத்தவள் பாத்துட்டு நிப்பாள், உம்மா என்ன செய்யிறா எண்டு. இப்ப தொழுறதையே விட்டுட்டன் புள்ள. அவருக்கு அது தெரியா. கதவச் சாத்திட்டுச் சும்மா இருப்பன்."

"ஆரிட்டயாவது கேட்டுப் பாத்தனீங்களோ?"

"இத ஆருட்டக் கேக்கிற? பள்ளிவாசல் லெப்பையிட்டயா?"

இரண்டு பேரும் சேர்ந்து ஆஸ்பத்திரிக்குப் போனோம். தனியாக என்றால் நான் போயிருக்க மாட்டேன். லேடி டொக்டர் சோதித்துவிட்டு, கர்ப்பப்பை இறங்கியிருக்கிறது, புற்றுநோய் இல்லை என்றார். ராத்தாவுக்கு இன்னும் அதிகம் இறங்கியிருந்தது. இனிப் பிள்ளை வேண்டாம் என்று அவரிடம் அழுத்திச் சொன்னார். ஒப்பரேசன் செய்வதென்றால் கண்டிக்கோ கொழும்புக்கோ போக வேண்டும். அதுவரை பாரம் தூக்கக் கூடாது, அந்த இடத்துத் தசையை இறுக்கிப் பழக வேண்டும். எப்படி என்று கேட்பதற்குள் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்கள். வெளியே மருந்துத் துண்டு கொடுத்த நேர்ஸ் மிஸ்ஸி, பொம்பிளைப் பிள்ளைகளின் பள்ளிக்கூடத்தில் டிறில் ரீச்சர் ஒருவர் சனிக்கிழமைகளில் பெண்களுக்கு யோகாசனம் பழக்குவதாகவும், அவரைக் கேட்டுப் பார்க்கும்படியும் சொன்னார்.

ராத்தா வர மறுத்தார். நான் போனேன். முன்னால் நின்ற ரீச்சர் என்னைவிட இளையவர், கல்யாணம் ஆகாதவர், இந்தியாவில் போய்ப் படித்து வந்தவர். வந்தவர்கள் எல்லாம் நாரி, முதுகு நோவுக்கும் உடம்பு மெலியவும் வந்தவர்கள். கைகளை வீசிக் குதிக்கச் சொன்னதும் எனக்குப் போய்விட்டது. எல்லோரும் போகும் மட்டும் மூலையில் நின்று, அவரிடம் விஷயத்தைச் சொன்னேன். அவருடைய முகம் சிவந்தது.

"அக்கா, இதுக்கு என்னட்டப் பதில் இல்லை. அரைகுறையாச் சொல்லி உங்களுக்குக் கூடினா அது பாவம். நான் கேட்டுக்கொண்டு வாறன்."

சொன்னபடி அந்த லேடி டொக்டரைத் தேடிப் போய்க் கேட்டு வந்தார். அடுத்த சனிக்கிழமை மற்றவர்கள் போன பிறகு என்னை மல்லாந்து படுக்கச் சொன்னார். முழங்காலை மடக்கிப் பாதத்தை நிலத்தில் வைக்கச் சொன்னார்.

"சலம் முட்டினா அடக்குவீங்களல்லோ, அந்த மாதிரி இறுக்குங்கோ. வயித்தை எக்க வேண்டாம், தொடையை இறுக்க வேண்டாம். உள்ளுக்கை மட்டும், மேல தூக்கிற மாதிரி. மூச்சை அடக்காதேங்கோ. இப்ப விடுங்கோ. முழுக்க விடுங்கோ அக்கா. நீங்கள் விடுறேல்லை."

உண்மைதான். விட எனக்குத் தெரியவில்லை. பிள்ளை செத்த நாளிலிருந்து உடம்பு முழுவதையும் பிடித்துக்கொண்டே திரிந்தேன். பிடிக்க வேண்டிய இடம் மட்டும் பிடிக்கவில்லை. அவர் பக்கத்தில் இருந்து மூச்சு வெளியே போவதைப் பார்க்கச் சொன்னார். வயிறு தளர்ந்தபோது எனக்கு அழுகை வந்தது. ரீச்சர் யன்னலைப் பார்த்துக்கொண்டு இருந்தார்.

மெல்ல இடுப்பைத் தூக்கி இறக்குவது, சுவரில் காலைச் சாத்திப் படுத்திருப்பது, பூனை போலக் கையிலும் முழங்காலிலும் நின்று முதுகை வளைப்பது என்று ஒவ்வொன்றாகக் காட்டினார். குதிக்கவோ தலைகீழாக நிற்கவோ வேண்டாம் என்றார். குடத்தைத் தூக்க முதல் உள்ளே இறுக்கி, மூச்சை விட்டுக்கொண்டே தூக்க வேண்டும். கெட்டித்தனம் காட்டி அளவுக்கு மிஞ்சிச் செய்ய வேண்டாம் என்றும் சொன்னார். முழுக்க மாறுமோ என்று கேட்டேன். "மாறும் எண்டு பொய் சொல்ல மாட்டன். இருக்கிறதை விட நல்லா வரும். மாசக்கணக்கில செய்ய வேணும்."

பிள்ளைகள் பள்ளிக்கூடம் போன பிறகு ராத்தா வேலியால் வருவார். கதவைச் சாத்திவிட்டு இரண்டு பாய் விரிப்போம். நான் ரீச்சர் சொன்னதை அப்படியே சொல்வேன். "மூச்சு உடுறதுக்கும் இந்த வயசுல படிக்கணுமா?" என்று ராத்தா சிரிப்பார். சிரித்தால் இரண்டு பேருக்கும் போய்விடும். "சிரிப்புக் காட்டாதீங்கோ ராத்தா" என்று கெஞ்சுவேன். சுவரில் காலைச் சாத்திக்கொண்டு இரண்டு மனுசிகள் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்த அந்தக் காலை நேரங்களைத் தவிர, அந்த வருடங்களில் எனக்கு நல்லதென்று சொல்ல ஒன்றும் இல்லை.

முதலில் எந்த மாற்றமும் தெரியவில்லை. விட்டுவிடுவோமா என்றுகூட நினைத்தோம். பிறகு மாரி வந்து, வழமையான இருமலும் வந்தது. ஒரு நாள் இருமி முடித்த பிறகுதான் துணி காய்ந்திருப்பதைக் கவனித்தேன். பின்னேரத்துப் பாரமும் குறைந்திருந்தது. ராத்தாவுக்கு இன்னும் காலம் எடுத்தது. ஒரு மத்தியானம் வேலிக்கு மேலால் என்னைக் கூப்பிட்டார். கண் கலங்கியிருந்தது.

"முழுசாத் தொழுதன் புள்ள. ஒரு சொட்டும் போகல்ல."

அதற்குப் பிறகு நெடுநாள் ஆகவில்லை. ஒரு காலை ராத்தா வந்தார், பாயில் படுக்கவில்லை. ஓடிப்போய் வேலியடியில் சத்தி எடுத்தார். எனக்கு விளங்கிவிட்டது.

"டொக்டர் சொன்னவ எல்லோ, இனி வேண்டாமெண்டு. அவருக்கு நீங்கள் சொல்லேல்லையோ?"

"எப்புடிச் சொல்ற? சொன்னா எனக்கு இப்பிடி ஒரு வருத்தம் இரிக்கெண்டு தெரிஞ்சிரும். தெரிஞ்சா..." மிச்சத்தை எனக்குச் சொல்ல வேண்டி இருக்கவில்லை. என் வீட்டில் பாய் முன் அறைக்குப் போனதை ராத்தா அறிவார்.

ரீச்சர் மறுபடி டொக்டரிடம் கேட்டு வந்தார். மல்லாந்து கனநேரம் படுக்காமல், கதிரையில் இருந்தபடியே மெல்ல இறுக்கி விடலாம். மூச்சுப் பயிற்சி செய்யலாம். ஆனால் பிள்ளை பெரியாஸ்பத்திரியில்தான் பிறக்க வேண்டும், முன்கூட்டியே வந்து படுக்க வேண்டும். ராத்தா எல்லாவற்றுக்கும் ஓம் என்றார். வயிறு பெருக்கப் பெருக்க மறுபடி எல்லாம் கீழே இறங்கியது. தொழுகை மறுபடி நின்றது. ஆனாலும் தினமும் வந்து கதிரையில் இருந்து செய்தார். "நீ செய், நான் பாத்துட்டிரிக்கன்" என்பார் சில நாள்.

பேறுக்குத் தாய் வீட்டுக்குப் போவதுதான் அவர்கள் வழக்கம். ராத்தாவை அவருடைய கணவர் கிண்ணியாவுக்குக் கூட்டிக்கொண்டு போனார். பெரியாஸ்பத்திரிக்கு நேரத்தோடு வந்துவிடுவேன் என்று ராத்தா என் கையைப் பிடித்துச் சொல்லிவிட்டுத்தான் போனார்.

நடந்ததை அவருடைய தங்கை பிறகு எனக்குச் சொன்னார். நாள் இருக்கும்போதே நோ கண்டுவிட்டது. வீட்டில் மருத்துவிச்சி பார்த்தார். பெண் பிள்ளை உயிரோடு பிறந்தது. ஆனால் இரத்தப் பெருக்கு நிற்கவில்லை. கடல் கடந்து பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோகக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு துறைக்கு ஓடியிருக்கிறார்கள். பாதை என்று நாங்கள் சொல்லும் அந்தத் தட்டைப் படகு மறுகரையில் நின்றது. கூப்பிட்டும் சீலையை வீசியும் பார்த்திருக்கிறார்கள். அது ஆட்களை ஏற்றிக்கொண்டு வர நேரமெடுத்தது. வந்து சேர்ந்தபோது ஏற்ற வேண்டிய தேவை இருக்கவில்லை. அந்தி படும் முன் அடக்கிவிட்டார்கள். எனக்குச் செய்தி வந்தது அடுத்த நாள்.

நான் பாயை விரிப்பதை விட்டேன். கதவைச் சாத்தினால் அந்த அறையில் இருக்க முடியவில்லை. சில மாதங்களில் பாரம் திரும்பி வந்தது, துணியும் திரும்பி வந்தது. எனக்கு அது பெரிதாகவும் படவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை என் கணவர் சைக்கிளைத் துடைத்துக்கொண்டு, என்னைப் பார்க்காமல் கேட்டார்: "கதவைச் சாத்திப்போட்டு ஏதோ செய்யிறனீ. ஏன் விட்டனீ?"

"உங்களுக்கு ஆர் சொன்னது?"

"ஒருத்தரும் சொல்லேல்லை. முந்தி இருமல் வந்தா நீ கதவு நிலையைப் பிடிப்பாய். பிறகு பிடிக்காமல் இருந்தனீ. இப்ப திரும்பப் பிடிக்கிறாய்."

இவ்வளவு காலமும் அவர் கண்டிருக்கிறார். முன் அறைக்குப் பாயை ஏன் கொண்டுபோனீர்கள் என்று அன்று முதல் தடவையாகக் கேட்டேன். "நீ ஆஸ்பத்திரியில கத்தினது வெளியில எனக்குக் கேட்டது" என்றார். "இன்னொருக்கா அது வேண்டாமெண்டுதான்." மறுநாள் விடிய, வேலைக்குப் போக முன் குடத்தை அவரே எடுத்துக்கொண்டு பைப்படிக்குப் போனார். அங்கே நின்ற பொம்பிளைகள் வாயைப் பொத்திச் சிரித்தார்களாம். தொடர்ந்து போனார்.

நான் மறுபடி செய்யத் தொடங்கினேன். தனியாகத்தான். கலவரத்தால் ஊர் குழம்பியிருந்த அந்த வருடம் ரீச்சர் மாற்றம் வாங்கிக்கொண்டு தன் ஊருக்குப் போய்விட்டார். சனிக்கிழமை வகுப்பு அதோடு நின்றது.

ராத்தாவின் பிள்ளையைப் பார்க்கக் கிண்ணியாவுக்கு ஒரு வருடம் கழித்தே போக முடிந்தது. என் கணவரும் வந்தார். அந்தத் தங்கையை ராத்தாவின் கணவருக்கே முடித்து வைத்திருந்தார்கள். பிள்ளை தங்கையின் இடுப்பில் இருந்தது. நல்ல கொழுத்த பிள்ளை. வயிற்றிலும் ஒன்று இருந்தது. தேத்தண்ணீர் கொண்டுவந்து வைத்தவர், குசினிக்குத் திரும்பும்போது தும்மல் வந்து, சட்டென்று கால்களைச் சேர்த்துக்கொண்டு நின்றார். நான் எழுந்து குசினிக்குள் போய், கதவைச் சாத்திவிட்டு, அவரிடம் கேட்டேன். ஓம் என்று தலையாட்டினார். எனக்குத் தெரிந்ததெல்லாம் சொன்னேன். முக்கியமாக ஆஸ்பத்திரியைச் சொன்னேன். "அவருட்டச் சொல்லணும்" என்றார், பயந்த குரலில். என் கணவர் முன் விறாந்தையில் அவருடைய கணவரோடு இருந்தார். அவரைக் கூப்பிட்டு, நீங்கள் சொல்லுங்கோ என்றேன். பேசத் தெரியாத மனிதர் போய் அந்த ஆளின் பக்கத்தில் இருந்து, நெடுநேரம் தாழ்ந்த குரலில் ஏதோ சொன்னார். அந்த ஆள் நிலத்தைப் பார்த்துக்கொண்டு கேட்டார்.

திரும்பும்போது பாதைப் படகில் கூட்டம். தண்ணீரைப் பார்த்ததும் என்னால் அடக்க முடியவில்லை. ராத்தா போன பிறகு அன்றுதான் சத்தம் வைத்து அழுதேன். அழுகையோடு கொஞ்சம் சலமும் போனது. துணி வைத்திருந்தேன். கரை வந்ததும் சீலையைச் சரி செய்துகொண்டு, பஸ்ஸுக்கு நடந்தேன்.