தலைவர் முகத்துக்குப் பின்னால் ஒரு விளக்கு

பம்மலில் ஃப்ளெக்ஸ் கடை டிசைனராகப் பதினெட்டு வருஷமாக உட்கார்ந்திருக்கிறேன். தேசபக்தி எனக்குத் தெரிந்து பத்துக்கு எட்டு அடி. அதற்கு மேல் போனால் சவுக்குக் கம்பம் தாங்காது.

எல்லையில் சண்டை மூண்ட வாரம் அது. பிறந்தநாள், காதுகுத்து பேனர்கள் எல்லாம் ஒதுங்கிவிட்டன. முடிச்சூரிலிருந்து ஒரு குடியிருப்போர் சங்கத் தலைவர் வந்தார்.

"மேடம், எங்க தெரு பையன் தினேஷ் பார்டர்ல இருக்கான். பேனரைப் பார்த்தா எதிரி நடுங்கணும்."

"எதிரி முடிச்சூர் வரைக்கும் வந்தாத்தானே சார் பார்ப்பான்?"

மனுஷன் சிரிக்கவே இல்லை. தினேஷின் பிளஸ் டூ போட்டோ ஒன்று, சங்க நிர்வாகிகள் போட்டோ பதினொன்று கொடுத்துவிட்டுப் போனார்.

எங்கள் தொழிலில் யாரும் வெற்றுப் பக்கத்தில் ஆரம்பிப்பதில்லை. பழைய ஃபைலைத் திறந்து முகத்தை மாற்றுவோம். நான் திறந்தது ஒரு கட்சிக்காரரின் கண்ணீர் அஞ்சலி ஃபைல். கொடி, மேகம், தலைக்குப் பின்னால் ஒளி எல்லாம் ரெடி. போட்டோவுக்குப் போட்டிருந்த பூமாலையின் லேயரை அணைத்து மறைத்தேன். நெட்டில் கிடைத்த முரட்டு உடம்பு ஒன்றில், துப்பாக்கியோடு, தினேஷின் தலையைப் பொருத்தினேன். கீழே எரிந்துகொண்டிருந்த குத்துவிளக்கை மறந்தே போனேன். அதன் மேல் சங்கத் தலைவர் முகத்தை வைத்திருந்ததால் கண்ணில் படவில்லை.

வாட்ஸ்அப்பில் புரூஃப் அனுப்பினேன். "என்னைக் கொஞ்சம் பெருசாக்கி வலது பக்கம் தள்ளுங்க" என்றார் தலைவர். தள்ளினேன். விளக்கு வெளியே வந்துவிட்டது. அவசரத்தில் நான் கவனிக்கவில்லை. பதினொரு நிர்வாகிகளும் ஓகே சொன்னார்கள். அவரவர் மூஞ்சியைத்தான் அவரவர் பார்த்திருக்கிறார்கள்.

ராத்திரியே பேனரை அவர்கள் தெருவில் கட்டிவிட்டார்கள். மறுநாள் காலை கடை போன் அடித்தது. பேனர் மூலையில் எங்கள் நம்பர் இருக்கும்.

"யம்மா, தினேஷோட அம்மா மல்லிகா பேசறேன். மூணு நாளா அவன் போனு போவல. எம் புள்ளைக்கு இன்னா ஆச்சு? உங்களுக்கு யாரு சொன்னது?"

"என்னக்கா சொல்றீங்க?"

"பேனர்ல அவனுக்கு விளக்கு ஏத்தி வெச்சிகீறீங்களே!"

 பேப்பர் கட்டரை எடுத்துக்கொண்டு ஸ்கூட்டியில் பறந்தேன்.

பேனருக்கு அடியில் மீன் கூடையோடு அந்தம்மா உட்கார்ந்திருந்தார். சுற்றிலும் நாலைந்து பெண்கள் அழுதுகொண்டிருந்தார்கள். ஏணியில் ஏறி விளக்கை அறுத்தெடுத்தேன். தலைவரின் ஒரு காதும் சேர்ந்து வந்துவிட்டது.

"என்ன மேடம், என் மூஞ்சி!" என்று கத்தினார், கீழே ஓடி வந்த தலைவர்.

"உங்க மூஞ்சியால வந்த வினைதான் சார் இது. சும்மா இருங்க."

கீழே இறங்கி, போனில் இருந்த பழைய டிசைனைக் காட்டினேன். "அக்கா, இது செத்துப்போன இந்தக் கட்சிக்காரரோட விளக்கு. நான் எடுக்க மறந்துட்டேன். என் தப்புதான், மன்னிச்சிடுங்க. தினேஷைப் பத்தி எங்க யாருக்கும் ஒண்ணும் தெரியாது."

"அவன் குரலு கேக்காம நான் எதையும் நம்ப மாட்டேன்."

விட்டுப் போக மனம் வராமல் நானும் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன். மதியம் ஓடிப்போயிற்று, கூடையில் மீன் அப்படியே கிடந்தது. நாலு மணிக்கு அவர் போன் அடித்தது. "டவர் இல்லம்மா, சாப்டியா?" என்றது தினேஷின் குரல். அந்தம்மா அழுதுகொண்டே அவனை வாய்க்கு வந்தபடி திட்டினார். நானும் அழுதேன். பேனரைப் படம் பிடித்து அவனுக்கு அனுப்பினோம்.

"யாரும்மா இந்த துப்பாக்கிக்காரன்? நான் இங்க சப்பாத்தி போட்டுகினு கீறேன்."

புதிதாக வருகிற டிசைனர்களுக்குச் சொல்கிறேன். உயிரோடு இருப்பவருக்குப் புது ஃபைல் திறங்கள். அதற்கு முன்னால் அவர் வீட்டில் ஒரு வார்த்தை கேளுங்கள். தலைவர் தினேஷுக்கு மறுபடி பேனர் கேட்டு வந்தபோது, நான் மல்லிகா அக்காவுக்குப் போன் போட்டுக் கேட்டேன். அவர் சொன்னார்:

"பேனரு வேணாம்மா. லீவுல வருவான். பாக்கணும்னு இருக்கறவங்க எங்க வூட்டாண்ட வந்து பாத்துக்கட்டும்."