குடும்பத்துக்கு ஒரு ஓட்டு

அமெரிக்காவில், இர்விங் நகரில் நான் நான்காம் வகுப்பு படித்தபோது பள்ளியில் மெழுகுச் சிலை நாள் வந்தது. ஒவ்வொரு பிள்ளையும் ஒரு பிரபலரைப் போல உடுத்தி அசையாமல் நிற்க வேண்டும். முன்னால் ஒட்டியிருக்கும் சிவப்புக் காகிதத்தை யாராவது தொட்டால், அந்தப் பிரபலரின் கதையைச் சொல்ல வேண்டும். குலுக்கலில் எனக்கு விழுந்தவர் ஐஸ்லாந்தின் பெண் அரசியல்வாதி ஒருவர். வகுப்பில் யாரும் அவரைக் கேள்விப்பட்டதில்லை.

அம்மா தோசை வார்த்துக்கொண்டே ஒத்திகை பார்ப்பார். கரண்டிக் காம்பால் என் தோளைத் தொட்டதும் நான் ஆங்கிலத்தில் தொடங்குவேன். மீன் ஆலைத் தொழிலாளியின் மகள்; தபால் நிலைய எழுத்தர். அந்த நாட்டுப் பெண்கள் ஒருநாள் எல்லா வேலையையும் நிறுத்தி வீதிக்கு வந்தபோது அந்தக் கூட்டத்தில் நின்றவர். ஊர் மன்றத் தேர்தலில் தோற்று, மறுபடி நின்று வென்று, பின்னாளில் மந்திரியானவர்.

"அன்னைக்கு யாரு சமைச்சா?" என்று அம்மா கேட்டார்.

"நோபடி. டாட்ஸ் எல்லாரும் ஹாட் டாக் வாங்கிட்டாங்க. ஸ்டோர்ல சோல்ட் அவுட்."

அம்மா அடுப்பை அணைத்துவிட்டுச் சிரித்தார்.

பள்ளியில் நன்றாகவே சொல்லி முடித்தேன். அதற்கடுத்த வாரம் தமிழ்ச் சங்கத்தின் பொங்கல் விழா. அன்றுதான் சங்கத் தேர்தலும்; தலைவர் பதவி அங்கிள்களுக்குள் கைமாறும். பெண்களுக்குச் சாப்பாட்டுக் குழு. தேர்தல் நேரத்தில் அவர்கள் பந்திக்கு இலை போட்டுக்கொண்டிருப்பார்கள். அந்த வருடம் அம்மா இலைக்கட்டைக் கீழே வைத்துவிட்டு, "தலைவருக்கு நானும் நிக்கிறேன்" என்றார்.

"நீங்க நின்னா சாம்பார் யாரும்மா வைக்கிறது?" என்றார் தலைவர் அங்கிள். அங்கிள்கள் சிரித்தார்கள்.

"ஒரு வருஷம் ஹாட் டாக் சாப்பிடுங்கண்ணா."

இம்முறை ஆன்ட்டிகள் சிரித்தார்கள்.

குடும்பத்துக்கு ஒரு ஓட்டு. கை தூக்க வேண்டும். தூக்குவது எப்போதும் கணவர்கள்தான். அப்படி விதி ஒன்றும் கிடையாது, வேறு யாரும் தூக்கியதில்லை, அவ்வளவே. முதலில் அம்மாவின் பெயரைச் சொன்னார்கள். எல்லோரும் முன்வரிசையிலிருந்த அப்பாவைப் பார்த்தார்கள். அவர் இரண்டு கைகளையும் தொடைக்கடியில் வைத்து உட்கார்ந்திருந்தார். எடுக்கவேயில்லை.

எனக்கு முகம் சுட்டது.

அம்மா தன் கையைத் தானே தூக்கினார். பிறகு சாதக்கரண்டியோடு ஒரு கை உயர்ந்தது. பின்னால் வளையல் கைகள் ஒவ்வொன்றாக. அப்பாவுக்குப் பக்கத்து இருக்கை அங்கிள் பாதி தூக்கிய கையை இறக்கி, தன் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். அம்மா மயிரிழையில் வென்றார்.

காரில் நான் வெடித்தேன். "யூ டிடன்ட் ஈவன் வோட் ஃபார் ஹர், அப்பா."

"ஆமா, போடல" என்றார் அப்பா, ஃப்ரீவேயில் ஏறியபடி.

முன் சீட்டில் அம்மா அவரைப் பார்த்துச் சிரித்தார். எனக்கு அந்தச் சிரிப்பின் மீதும் கோபம் வந்தது. வீட்டுக்கு ஒரே ஓட்டு என்பது தெரிந்த எனக்கு, அதை அப்பா போட்டிருந்தால் அம்மா தன் கையால் போட ஓட்டே இருந்திருக்காது என்பது மட்டும் தோன்றவில்லை.