அறுபத்துநாலு முழம் அரளியில் ஒரு கனசதுரம்

எதற்கும் தேதி போட்டு வைப்பது என் பழக்கம். செக்ரட்டேரியட்டில் பழைய கோப்புகளைக் காக்கும் பிரிவில் முப்பது வருஷம் உட்கார்ந்தவனுக்கு அது லேசில் போகாது. என் நாட்குறிப்பில் ஒவ்வொரு நாளுக்கும் மூன்று தேதிகள் இருக்கும்: ஆங்கிலம், தமிழ், மலையாளத்துக் கொல்லம் ஆண்டு. ஒரே நாளுக்கு மூன்று ஜாதகம் கணிக்கிற ஆள் என்று என் மனைவி சொல்வாள்.

ஓய்வு பெற்ற பிறகு தனியாக ஒரு நோட்டு ஆரம்பித்தேன். அது நாற்பரிமாணக் கனசதுரத்துக்கான நோட்டு. ஒரு புள்ளியை இழுத்தால் கோடு. கோட்டைக் குறுக்கே இழுத்தால் சதுரம். சதுரத்தை மேலே தூக்கினால் கனசதுரம். அந்தக் கனசதுரத்தை, நம்மால் கை நீட்டிக் காட்ட முடியாத இன்னொரு திசையில் இழுத்தால் கிடைப்பது இது. பதினாறு முனைகள், முப்பத்திரண்டு விளிம்புகள். இதை யாரும் கண்ணால் பார்த்ததில்லை. தாளில் விழும் நிழலைத்தான் வரைய முடியும். ஆனாலும் ஓவியர்களும் கட்டடக் கலைஞர்களும் கதை எழுதுகிறவர்களும் சினிமாக்காரர்களும் இதை விடுவதாக இல்லை. பார்க்க முடியாத ஒரு பெட்டிக்கு இவ்வளவு ரசிகர்கள் ஏன் என்பதுதான் என் ஆச்சரியம். எங்கே கண்ணில் பட்டாலும் குறித்துக்கொண்டேன். ஒரு ஓவியத்தில் அது எட்டுப் பெட்டிகளாகப் பிரிந்து சிலுவையாக நிற்கிறது. தம்பானூர் ரயில் நிலையத்தில் ஒரு பையனின் பனியன் முதுகில் பார்த்தேன். அவன் கொல்லம் வண்டியில் ஏறிவிட்டதால் முழுதாக எண்ண முடியவில்லை. ஆரியசாலையில் ஒரு மொத்தக் கடையின் இரும்பு கேட்டில், சதுரத்துக்குள் சதுரமாகப் பற்றவைத்திருந்தார்கள். கடைக்காரரிடம் கேட்டேன். கம்பி மிச்சம் இருந்தது, வெல்டிங்காரன் வைத்துவிட்டான் என்றார். அதையும் எழுதிக்கொண்டேன், மூன்று தேதிகளுடன்.

கர்க்கடக மாதத்து, அதாவது ஆடி மாதத்து மழையில் வெளியே போக முடியாத ஒரு நாள், நூலகத்திலிருந்து கொண்டுவந்த கணிதப் புத்தகத்தில் அதே கனசதுரத்தின் வேறொரு நிழலைக் கண்டேன். வெளியே எட்டுப் புள்ளிகள் வட்டமாக, உள்ளே எட்டுப் புள்ளிகள் சின்ன வட்டமாக, நடுவில் எட்டு முனை நட்சத்திரம். நாற்காலியில் உட்கார்ந்து கவராயத்தால் அதைப் படியெடுத்துக்கொண்டிருந்தபோது, காப்பி கொண்டுவந்த மனைவி எட்டிப் பார்த்தாள்.

"ஏன்னா, இதென்ன, யாரு போட்ட கோலம்?"

கோலம் இல்லை என்று சொல்லி, புள்ளியிலிருந்து தொடங்கி ஒரு சொற்பொழிவு ஆற்றினேன். அவள் பாதிதான் கேட்டாள். விரலால் புள்ளி புள்ளியாகத் தொட்டுக்கொண்டிருந்தாள்.

"எல்லாப் புள்ளிலேயும் நாலு கோடு வரது. அப்போ கையெடுக்காம ஒரே இழையில போட்டுடலாம்" என்றாள்.

அதெப்படித் தெரியும் என்றேன். சாதாரணக் கனசதுரத்தை அப்படிப் போட முடியாது என்று நான் படித்திருந்தேன்.

"சாதாப் பெட்டில மூணு மூணா வரது. ஒண்ணுல உள்ள போய் ஒண்ணுல வெளில வந்துட்டா, மூணாவது தொங்கிண்டு நிக்கும். இதுல நாலு. ரெண்டு தடவை போகலாம், ரெண்டு தடவை வரலாம். அதுக்கு எதுக்குப் புஸ்தகம்?"

அன்று சாயங்காலம் பென்சிலால் முயன்றேன். இருபத்தாறாவது கோட்டில் மாட்டிக்கொண்டேன். மறுநாள் இருபத்தொன்பதில். மூன்றாம் நாள் காலையில் அவள், பால் பொங்குவதற்குள், எங்கள் மூன்றாம் மாடிக் கதவுக்கு முன்னால் கோலப்பொடியால் அதைப் போட்டு முடித்து, தொடங்கிய புள்ளியிலேயே கையை எடுத்திருந்தாள். அவள் சொன்ன அதே காரணத்தை அந்தப் புத்தகம் பின்னால் இரண்டு பக்கத்தில் விளக்கியிருந்தது. நோட்டில் அதுவரை இருந்த பதிவுகளெல்லாம் வேறு ஊர், வேறு ஆட்கள். எங்கள் வாசல் அன்றுதான் முதல் தடவையாக இடம்பெற்றது.

நாங்கள் குடியிருப்பது கரமனையில். எங்கள் ரெசிடென்ட்ஸ் அசோசியேஷன் வருஷா வருஷம் ஓணத்துக்குப் பூக்களப் போட்டி, தரையில் பூவிதழால் ஓவியம் போடும் போட்டி, நடத்தும். ஐந்து சந்துகள், சந்துக்கு ஒரு பூக்களம். என் குறிப்புகளின்படி எங்கள் சந்துக்கு ஒரே ஒரு முறை மூன்றாம் பரிசு கிடைத்திருக்கிறது. அந்த வருஷம் இரண்டு சந்துகள் மழையால் பங்கெடுக்கவில்லை. எதிர்ச் சந்து மயில், கதகளி முகம், பள்ளிவாளேந்திய பகவதி என்று போட்டுத் தள்ளும்.

இத்தனை வருஷமும் என் மனைவிக்கு அதில் ஒரே வேலைதான், ஓரமாக உட்கார்ந்து இதழ் பிரிப்பது. வலியசாலை அக்ரஹாரத்தில் பிறந்து, மார்கழி முழுக்க வீதி அடைக்கக் கோலம் போட்டவள். ஆனால் கீழ்த்தளத்து அம்மாள், கோலம் வேறு, பூக்களம் வேறு என்று முதல் வருஷமே தீர்ப்புச் சொல்லிவிட்டார். டிசைன் எப்போதும் அவருடையது. எங்கள் வாசலில் அந்தக் கோலம் விழுந்த வருஷம் அவர் மகனோடு இருக்க வளைகுடாவுக்குப் போய்விட்டார். பஸ் டிப்போவில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற செயலாளர் மாடியேறி வந்து, வேறு வழியில்லாத முகத்தோடு, மாமி ஏதாவது வரைய முடியுமா என்று கேட்டார்.

வாசலில் போட்ட கோலத்தையே போடுவதாகச் சொல்லிவிட்டாள். அவர் போன பிறகு அடுப்படியில் என்னிடம் சொன்னாள்.

"இது சொதப்பித்துன்னா ஆயுசுக்கும் எனக்கு இதழ் பிக்கற வேலைதான், கேட்டேளா. அதனால எண்றது, அளக்கறது, சட்டம் பாக்கறது எல்லாம் உங்க பொறுப்பு."

ஏற்றுக்கொண்டேன். போட்டி விதிகள் பதினான்கையும் நோட்டில் எழுதிக்கொண்டேன். எட்டடி வட்டத்தைத் தாண்டக் கூடாது. இரண்டு மணி நேரம். ஒன்பதாம் விதி: பூவும் இலையும் மட்டுமே, பொடி, உப்பு, சாயம் போட்ட தேங்காய்ப்பூ எதுவும் தரையில் இருக்கக் கூடாது, அளவுக் கோட்டுக்குச் சாக்பீஸ் மட்டும் அனுமதி. இதன் கீழ் நானே இரண்டு கோடு இழுத்திருக்கிறேன். இப்போதும் அந்தப் பக்கத்தைத் திறந்தால் தெரியும்.

கணக்குப் போட்டதில் ஒரு நல்ல விஷயம் தெரிந்தது. அந்த நிழலில் முப்பத்திரண்டு விளிம்புகளும் ஒரே நீளம். ஒவ்வொன்றும் இரண்டு முழம் என்றால் மொத்தம் எட்டடிக்குள் அடங்கிவிடுகிறது. விளிம்புகளுக்கு வெள்ளை அரளிச் சரம் வைப்பது, இடையில் வண்ண வண்ணமாக இதழ் நிரப்புவது என்று திட்டம். அறுபத்துநாலு முழம் வேண்டும்.

போட்டிக்கு முந்தின நாள் சாலைக் கடைத்தெருவுக்குப் போனோம். எங்களுக்குப் பழக்கமான பூக்காரர் தோவாளைக்காரர்.

"அறுபத்துநாலு மொழமா? ஏதுக்கு மாமி?"

"ஒரு பெட்டி கட்டணும்" என்றாள் மனைவி.

அவர் முகம் மாறியது. குரலைத் தாழ்த்தி, யார் தவறிப்போனார்கள் என்று என்னிடம் கேட்டார். பூக்களம் என்று விளக்கியதும் சிரித்துவிட்டு, இரண்டு முழத்துக்கு ஒரு துளசி வைத்துக் கோத்துத் தருவதாகச் சொன்னார். மேலே ஒன்றரை முழம் கொசுறும் போட்டார். வீட்டுக்கு வந்ததும் அதை முப்பத்திரண்டு துண்டுகளாக வெட்டி எண்போட்டு வைக்கலாம் என்று கத்தரிக்கோலோடு உட்கார்ந்தேன். வெட்டினால் ஒவ்வொரு நுனியிலும் பூ உதிரும், காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று சரத்தை ஒரு வாளியில் சுருட்டி வைத்து ஈரத்துணி போட்டு மூடிவிட்டாள்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, மூல நட்சத்திரம். காலை ஏழு மணிக்குச் செயலாளர் விசில் ஊதினார். எங்கள் இடம் சந்து முனையில் சிமெண்டுத் தரை. நான் டேப்பும் கயிறும் வைத்து அளக்க, அவள் பதினாறு புள்ளிகள் வைத்தாள். புள்ளிக்கு ஒரு கேந்திப்பூ, துலுக்கச் சாமந்தி. பிறகு கோடுகளை இழுக்கத் தொடங்கினாள். நான் நோட்டில் ஒவ்வொன்றாக டிக் போட்டேன். இரண்டாம் மாடிப் பெண்கள் மூன்று பேர் ஓரத்தில் இதழ் பிரித்துக்கொண்டே பார்த்தார்கள். முப்பத்திரண்டாவது கோடு முடிந்தபோது மணி ஏழு ஐம்பது. எண்ணிக்கை சரி. அளவு சரி. எனக்கே பெருமையாக இருந்தது.

செயலாளர் வந்து குனிந்து பார்த்தார். விரலால் ஒரு கோட்டைத் தொட்டார். விரலில் வெள்ளையாக ஒட்டியது.

"அய்யோ மாமி, பொடி பாடில்லல்லோ" என்றார். பொடி கூடாதாம்.

அப்போதுதான் நானும் பார்த்தேன். சாக்பீஸ் பெட்டி என் சட்டைப்பையிலேயே, பிரிக்காமல் இருந்தது. மூக்குக்கண்ணாடியை எடுத்து வருவதுபோல அவள் கோலப்பொடி டப்பாவையும் பையில் போட்டு எடுத்து வந்திருக்கிறாள். புள்ளி என்று சொன்னதும் கை தானாக அதற்குள் போயிருக்கிறது. அதில் அதிசயம் இல்லை. விதியின் கீழ் இரண்டு கோடு இழுத்தவன், ஒரு முழ தூரத்தில் நின்றுகொண்டு, முப்பத்திரண்டு வரை எண்ணி டிக் போட்டிருக்கிறேன். எதனால் போடுகிறாள் என்று ஒரு தடவையும் பார்க்கவில்லை.

செயலாளர் நல்ல மனிதர். ஒன்பது மணிக்கு நடுவர் வரும்போது தரையில் பொடி இருந்தால் பூக்களத்தைப் போட்டியிலிருந்து தள்ளிவிடுவார்கள், அதற்குள் எடுத்துவிட்டால், தாம் எதையும் பார்க்கவில்லை என்று சொல்லிவிட்டு நகர்ந்தார். அவள் இதழ் பிரிக்கும் பெண்கள் இருந்த பக்கம் ஒரு தடவை பார்த்தாள். அந்தப் பார்வை எனக்குப் புரிந்தது.

துடைப்பத்தால் பெருக்கினோம். போகவில்லை. ஈரத்துணியால் துடைத்தோம். கேந்திப்பூக்களை ஒவ்வொன்றாகத் தூக்கி, அடியில் துடைத்து, அதே இடத்தில் வைத்தோம். தரை சுத்தமானது. சாக்பீஸை எடுத்துக் கோடு இழுத்தேன். ஈரச் சிமெண்டில் அது வழுக்கிக்கொண்டு போனது. மணி எட்டேகால். தரை காயக் காத்திருந்தால் இதழ் நிரப்ப நேரம் இல்லை. சரத்தை வெட்டிக் குத்துமதிப்பாக வைக்கலாமா என்று நான் கத்தரிக்கோலை எடுத்தேன்.

"அதை உள்ள வையுங்கோ" என்றாள். "புள்ளி இருக்கோல்லியோ? கோடு எதுக்கு? இழுத்துப் பிடிச்சா சரமே கோடுதானே."

வாளியை என் கையில் கொடுத்தாள். வெளிவட்டத்தில் ஒரு பூவின் அடியில் சரத்தின் நுனியைச் செருகினாள். அடுத்த பூவுக்கு இழுத்தாள். துளசி வந்த இடம் சரியாகப் பூவின்மேல் உட்கார்ந்தது. அதைச் சுற்றித் திருப்பி உள்வட்டத்துக்கு, அங்கிருந்து நட்சத்திரத்தின் குறுக்கே, மறுபடி வெளியே. நான் வாளியோடு பின்னால் ஓடினேன். நோட்டில் பாதை எழுதியிருக்கிறது, படிக்கட்டுமா என்றேன். காதில் வாங்கவில்லை. தினமும் காலையில் வாசலில் போட்ட கை. இரண்டாம் மாடிப் பெண் ஒருத்தி இதழ்க் கூடையை வைத்துவிட்டு வந்து, திருப்பங்களில் சரம் நழுவாமல் பிடித்துக்கொண்டாள். பின்னாலேயே மற்ற இருவரும் இதழ் நிரப்பத் தொடங்கினார்கள்.

இருபத்தொன்பது, முப்பது என்று நான் வாய்விட்டு எண்ணினேன். முப்பத்தொன்றில் வாளியைப் பார்த்தால் சரம் குறைவாகத் தெரிந்தது. ஒவ்வொரு பூவையும் இரண்டு தடவை சுற்றியதில் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றிருக்கிறது. அந்தச் சேதத்தை நான் கணக்கில் சேர்க்கவே இல்லை. கடைசி விளிம்பில் துளசி ஒரு முழத்துக்கும் மேலே முன்னாலேயே நின்றுவிட்டது. பூக்காரர் போட்ட கொசுறுதான் அந்த இடைவெளியைக் கடந்து, தொடங்கிய பூவை எட்டியது. மிச்சம் நாலு விரல். அதை முதல் நுனியோடு முடிந்துவிட்டு நிமிர்ந்தாள். ஒன்பதுக்கு நாலு நிமிஷம்.

நடுவராக வந்தவர் ஒரு பள்ளியின் டிராயிங் டீச்சர். இது என்ன என்று கேட்டார். செயலாளர் முந்திக்கொண்டு, ஃபோர்த் டைமென்ஷன் என்று மைக்கிலேயே சொல்லிவிட்டார். நான் புள்ளியிலிருந்து தொடங்க வாயெடுத்தேன். மனைவி என் முழங்கையைத் தொட்டாள்.

"ஒரே சரம், டீச்சரே. எங்கயும் முறிச்சிட்டில்ல" என்றாள் மலையாளத்தில், எங்கேயும் அறுக்கவில்லை என்று.

டீச்சர் செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்து, ஒரு விளிம்பில் விரல் வைத்துச் சரத்தைத் தொடர்ந்தார். ஒரு சுற்று போய் எழுந்து இடம் மாறி, மறுபடி தொடர்ந்தார். மற்றச் சந்துகளின் ஆட்கள் கூடிவிட்டார்கள். எதிர்ச் சந்து மாப்பிள்ளை ஒருவர், எங்கோ முடிச்சு மறைத்திருக்கிறார்கள் என்று பந்தயம் கட்டித் தேடினார். கடைசியில் ஒரு முடிச்சைக் கண்டுபிடித்தார். அது ஒன்றுதான் என்பதை ஒப்புக்கொள்ள அவருக்குக் கால் மணி நேரம் ஆயிற்று.

முதல் பரிசு எதிர்ச் சந்தின் யானைக்குப் போனது. நெற்றிப்பட்டம் மட்டுமே ஏழு நிறம். அதைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இரண்டாம் பரிசு எங்களுக்கு.

சாயங்காலம் செயலாளர் மாடியேறி வந்தார். உள்ளே வராமல் வாசலிலேயே நின்று, அடுத்த வருஷமும் டிசைன் மாமிதான், கீழ்த்தளத்து அம்மாளுக்கு வளைகுடாவுக்குப் படம் அனுப்பியாயிற்று, அவரும் சரி என்று சொல்லிவிட்டார் என்றார். பிறகு, சட்டம் பார்க்க மட்டும் வேறு ஆளை வைத்துக்கொள்ளலாம் என்று என்னைப் பார்க்காமல் சொன்னார்.

"அப்போ சார் என்ன செய்வார்?" என்று கேட்டாள் மனைவி, எனக்காகவே.

அதற்குப் பதில் அவளிடமே இருந்தது. அன்றைய பதிவில் மூன்று தேதிகளும் எழுதி, நாற்பரிமாணக் கனசதுரம், அரளி, கரமனை, இரண்டாம் பரிசு என்று குறித்துக்கொண்டேன். அதன் கீழே அவள் கையெழுத்தில் ஒரு வரி இருக்கிறது: அடுத்த ஓணத்துக்கு இதழ் பிரிப்பது இவர்.