உடைமரக்காடு எரிந்த பகல்

கச்சான் காற்று வீசத் தொடங்கினால் எங்கள் ஊர் மணலில் வெறுங்காலுடன் நிற்க முடியாது. மேற்கே வயல்வெளியைக் காயவைத்துக்கொண்டு வரும் அந்த அனல் உதட்டை வெடிக்கச் செய்து, தறியில் கிடக்கும் நூலைக்கூட முறுகவைத்துவிட்டுக் கடலுக்குப் போய்விடும். ஐம்பதுகளில் மருதமுனையில் எங்கள் வீட்டுக்கும் கடலுக்கும் நடுவே ஒரு உடைமரக்காடு இருந்தது. காடு என்றால் அடர்ந்த காடல்ல. குடை விரித்ததுபோன்ற முள்மரங்கள் ஒன்றுக்கொன்று எட்ட நின்றன. ஒவ்வொரு மரத்தின் நிழலிலும் காரையும் சூரையும் இலந்தையும் சேர்ந்து ஒரு முட்புதராக, "பத்தை"யாக வளர்ந்திருந்தன. இடையில் சில இடம் காய்ந்த புல், சில இடம் ஆடு மேய்ந்த வெறுமணல். கடற்கரைக்குக் கிட்டத் தாழை மதில்போல நிற்கும், அதற்கும் அப்பால் மணலைப் பிடித்துக்கொண்டு அடம்பன் கொடி.

அந்த வருடம் நிறைய வயல் வைத்திருந்த ஒரு போடியார் தென்னை வைப்பதற்காக அந்த நிலத்தை வாங்கியிருந்தார். எங்கள் உம்மா வயிற்றுப்பிள்ளைக்காரி. பாண்டிருப்பிலிருந்து வரும் எலிசபெத் அக்காவோடு சேர்ந்துதான் அவ எப்போதும் விறகுக்குப் போவா. அன்று அக்கா வந்து வேலிக்கு வெளியே நின்று கூப்பிட்டபோது, நான் தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு முற்றத்தில் நின்றேன்.

"உம்மா எங்க புள்ள?"

"விறகுக்குப் போயிட்டாங்க அக்கா."

"நான் வாறதுக்கு முன்னயா? தனியாவா?"

கேட்டுக்கொண்டே திரும்பியவ அப்படியே நின்றுவிட்டா. காட்டின் ஊர்ப்பக்க ஓரம் முழுவதும் புகை எழும்பிக்கொண்டிருந்தது. பச்சை முள்மரம் எரியும் கசப்பு என் தொண்டைவரை வந்தது. தம்பியை மாமி வீட்டில் விட்டுவிட்டு நாங்கள் வாப்பாவின் தறிக் கொட்டிலுக்கு ஓடினோம். வாப்பா கையில் சுற்றிய நூலோடு எழுந்து வந்தார்.

காட்டோரத்தில், நிலத்தை வெளியாக்கத் தீ வைத்துவிட்டு, போடியாரின் கூலியாட்கள் பந்தத்தோடு நின்றார்கள். "ஊருக்கு ஒரு பயமும் இல்ல காக்கா, காத்து கடலுக்குத்தானே அடிக்கிது" என்று வாப்பாவை அண்ணன் முறை வைத்துச் சொன்னான் ஒருவன்.

"உள்ள வயித்துப்புள்ளக்காரி நிக்காடா!" என்று எலிசபெத் அக்கா கத்தினா.

அந்த ஆள் பந்தத்தை மணலில் குத்தி அணைத்தான். வாப்பா மீனவர்கள் போகும் வடக்குப் பாதையால் கடற்கரையைச் சுற்றி ஓடினார். நான் பின்னால் ஓடினேன். நெருப்பு எங்களோடு போட்டிபோட்டுக் கடலுக்குப் போய்க்கொண்டிருந்தது. மரங்கள் வெடிக்கும் சத்தம் கேட்கும்போதெல்லாம் வாப்பா "யா அல்லாஹ்" என்று சொல்வது மட்டும் எனக்குக் கேட்டது.

கடற்கரையில் ஆள் இல்லை. தாழைகளின் காய்ந்த ஓலைகளில் நெருப்புப் பற்றத் தொடங்கியிருந்தது. வாப்பா உம்மாவின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். அதற்கு முன் அவர் அவவைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. இரண்டாம் முறை கூப்பிட்டபோது, தெற்கே எட்ட, அலை வந்து தொடும் இடத்தில், நனைந்த முந்தானையைத் தலையில் போட்டபடி ஒரு உருவம் அசைந்தது.

உம்மாவின் கைகளெல்லாம் முள் கிழித்த இரத்தம். "புள்ளைகள் எங்க?" என்றுதான் முதலில் கேட்டா. வாப்பா கடல் தண்ணீரைக் கையால் அள்ளி அள்ளி அவவின் கொப்பளித்த காலில் ஊற்றினார். மூச்சு வாங்கி வாங்கி அவ சொன்னா: "நெருப்பு புல்லாலதான் ஓடி வந்திச்சி. நான் ஆடு மேஞ்ச வெறுமணலாப் பாத்துப் பாத்து வந்தன். தாழையடிக்கு வந்தா வழியில்ல. மறுகா தாழைக்குக் கீழ நாய் போற பொட்டு ஓட்டைக்குள்ளால தவண்டு வந்தன்."

வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகுதான் பெரிய பயம் தொடங்கியது. மருத்துவிச்சி வந்து உம்மாவின் வயிற்றில் கைவைத்துப் பார்த்தா. "புள்ள அசையல்ல. பாப்பம்" என்றா. வாப்பா முற்றத்தில் நடந்தார், குந்தினார், மறுபடியும் நடந்தார். எலிசபெத் அக்கா தன் வீட்டுக்குப் போகாமல் உம்மாவின் காலுக்குத் தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டிருந்தா. வெளியே புகை கடலுக்குமேல் கறுப்பாக நின்றது. பொழுது சாய்ந்து மஃரிப் தொழுகைக்குப் பாங்கு சொல்லும்போது உம்மா சட்டென்று அக்காவின் கையைப் பிடித்துத் தன் வயிற்றில் வைத்தா. அக்கா அழத் தொடங்கினா. அது சந்தோஷ அழுகை, பிள்ளை அசைந்துவிட்டது என்று எனக்கு விளங்கக் கொஞ்ச நேரம் எடுத்தது.

மாரி மழையில் என் தங்கச்சி கதீஜா பிறந்தாள். எங்கள் ஊர் வழக்கப்படி அக்காவான என்னைத் "தாத்தா" என்று கூப்பிட்டு வளர்ந்தாள்.

எரிந்த நிலத்தில் தென்னை வந்தது, தென்னை போய் வீடுகள் வந்தன. இன்று அங்கே கொங்கிறீட் வீதி. காரை என்றும் சூரை என்றும் சொன்னால் என் பேரப்பிள்ளைகள் சிரிக்கிறார்கள். போன மாதம் கதீஜாவோடு அந்த வீதியால் போகும்போது இந்தக் கதையைச் சொன்னேன். அவளுக்கு ஏற்கெனவே தெரியும் என்றே இவ்வளவு காலமும் நினைத்திருந்தேன். அவள் நடப்பதை நிறுத்திவிட்டாள்.

"உம்மா எனக்கு இதச் சொன்னதேயில்ல தாத்தா" என்றாள். "பக்கத்து வீட்டு அடுப்பு புகைஞ்சாலும் வேலையப் போட்டுட்டு என்னத்தான் கூப்பிடுவா. 'இஞ்ச இரிக்கன் உம்மா' எண்டு சொன்னாத்தான் திரும்பிப் போவா. எனக்குக் கோவம் கோவமா வரும்."