மலைநாட்டுக் கார்

போன கிழமை பெய்த மழையில் என் மகன் தன் காரின் கண்ணாடியை ஏற்ற மறந்துவிட்டான். பெருமையாக வைத்திருக்கும் ஜப்பான் கார். பள்ளிவாசலுக்குப் போய்த் திரும்பி வந்து பார்க்கிறான், பின் இருக்கை முழுக்கத் தண்ணீர். அடுத்த நாள் கதவுகளையெல்லாம் விரியத் திறந்து வெயிலில் காயவிட்டிருந்தான். அந்தப் பக்கமாகப் போன என் மூக்கில் ஈர இருக்கையின் வாடை ஏறியது. அப்படியே நின்றுவிட்டேன். "என்ன வாப்பா, தல சுத்துதா?" என்று மகன் ஓடிவந்து கையைப் பிடித்தான். தலையெல்லாம் சுற்றவில்லை. கோபம்தான் வந்தது. எண்பதுகளிலேயே வாய்விட்டுச் சொல்லியிருக்க வேண்டிய கோபம். அப்போது அதற்கு வழியிருக்கவில்லை.

உங்களிடம் சொல்லலாம். நீங்கள் இதை எங்கள் ஊர்க் கல்யாண வீடுகளில் கொண்டுபோய் அவிழ்க்கப் போகிறவர் இல்லை.

என்னிடமும் ஒரு கார் இருந்தது. பழைய இங்கிலீசுக் கார். வாங்கும்போதே அதற்கு வயசு போயிருந்தது. பின்பக்க இடது கதவு வெளியிலிருந்துதான் திறக்கும். அதனால் அந்தப் பக்கம் ஏறியவர் நான் இறங்கிச் சுற்றி வந்து திறந்துவிடும்வரை புதுப்பெண் மாதிரி உள்ளே அடக்கமாக இருக்க வேண்டும். கூரைத் துணி தொய்ந்து மனைவியின் முக்காட்டோடு உரசிக்கொண்டே வரும். என் காலடித் தகட்டில் ஒரு ஓட்டை. ஒரு பலகைத் துண்டால் மூடி வைத்திருந்தேன். பலகை விலகினால் தார் றோட்டு ஓடுவது தெரியும். ஸ்டியரிங்கை வலது பக்கம் திருப்பினால் ஹோர்ன் தானாக அடிக்கும். நான் படிப்பித்த வரிப்பத்தான்சேனைப் பள்ளிக்கூடத்தின் கேற் வலது பக்கம். தினமும் காலையில் ஊரைக் கூட்டிக்கொண்டுதான் உள்ளே நுழைவேன். "ஒங்கட கார் ஒங்களுக்கு முந்தி வந்து கையெழுத்து வெச்சிடுது" என்பார் அதிபர். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். வேறென்ன செய்ய?

வெயில் நாட்களில் உள்ளே வெறும் ரெக்சின் மணம்தான். மழை வந்தால் இருக்கைக்குள்ளிருந்து, நனைந்த தேங்காய்த் தும்பும் கருவாடும் சேர்ந்தது போல ஒரு வாடை எழும்பும். அத்தர் பூசினேன், சாம்பிராணி போட்டேன். அத்தர் பூசிய கருவாட்டில் பயணம் செய்ததுதான் மிச்சம்.

இந்தக் காரை எனக்கு விற்றவர், அண்ணன் என்ற முறையில் என்னைக் காக்கா என்று கூப்பிடும் என் தங்கச்சி றமீஸாவின் புருஷன். எனக்கு மச்சான்.

எங்கள் கிழக்குக் கரைப் பக்கத்தில் கல்யாணம் முடித்தால் ஆண்பிள்ளை உடுப்புப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மனைவி வீட்டுக்குப் போய்விட வேண்டும். வீடு பெண்ணுக்கு. அப்படி நான் மருதமுனைக்குப் போனேன். கல்முனைக்குடியில் நான் பிறந்து வளர்ந்த வீட்டை வாப்பா தங்கச்சிக்கு எழுதிக் கொடுத்தார். மாப்பிள்ளைக்கென்று முன்பக்கமாக ஒரு அறை இறக்கினோம். அந்த அறையின் சீமெந்து என்னுடைய சம்பளம். அதை நான் சொல்லிக்காட்டியதில்லை. இப்போதுதான் உங்களிடம் வாயில் வந்துவிட்டது.

மச்சான் வாகனத் தரகர். கொழும்பில் ஜப்பான் கார்கள் வந்து இறங்கத் தொடங்கிய காலம் அது. பணக்காரர்கள் இங்கிலீசுக் கார்களைக் கைகழுவிக்கொண்டிருந்தார்கள். அவற்றை வாங்கி எங்கள் கரையில் விற்பதுதான் அவர் தொழில். ஆள் நல்ல கதைகாரர். ஆனால் கோபக்காரர். கல்யாணம் முடித்த புதிதில் ஒருநாள் வாப்பா விருந்தாளிகளுக்கு முன்னால், "மருமகனுக்கு யாவாரம் சரிவராது போல" என்று சொல்லிவிட்டார். அன்றைக்கே மச்சான் பெட்டியை எடுத்துக்கொண்டு சாய்ந்தமருதில் இருக்கும் தன் உம்மா வீட்டுக்குப் போய்விட்டார். அப்போது றமீஸா தலைப்பிள்ளை வயிற்றில். சாப்பிடாமல் கொள்ளாமல் சுவரைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள். பள்ளிவாசல் பெரியவர்களோடு நான் போய்க் கெஞ்சித்தான் அவரைக் கூட்டிவந்தேன். அங்கே அவர் எல்லோருக்கும் முன்னால் ஒரு சொல் சொன்னார்: "வாறன். ஆனா இனி அந்த ஊட்டாக்கள் ஆரும் என்ட யாவாரத்தப் பத்திக் கதைக்கப்படாது. கதைச்சா மறுகா நான் வரமாட்டன்."

கதைக்க மாட்டோம் என்று வாக்குக் கொடுத்தவன் நான். கொஞ்ச நாளில் வாப்பா மௌத்தாகிவிட்டார். அந்த வாக்கைக் காப்பாற்றும் பொறுப்பு என் தலையில் மட்டும் நின்றது.

வரிப்பத்தான்சேனைக்கு பஸ் மாறி மாறிப் போய்வந்து நான் அலுத்துப்போயிருந்தது மச்சானுக்குத் தெரியும். ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது சொன்னார்: "மச்சான், ஒங்களுக்கெண்டே ஒரு கார் வந்திரிக்கி. மலநாட்டுக் கார். பதுளையில தோட்டத்துத் தொர ஒருத்தர் வெச்சிருந்தது. கடக்காத்தே படல்ல."

எங்கள் கரையில் வாழாதவருக்கு அந்தக் கடைசிச் சொல்லின் ருசி விளங்காது. இங்கே கடல்காற்று ஜன்னல் கம்பியைத் தின்னும், சைக்கிளைத் தின்னும், வாசல் பூட்டைத் தின்னும். கடல்காற்றுப் படாத கார் என்றால் நோய் நொடி இல்லாத குடும்பத்துப் பெண் மாதிரி. நான் விழுந்துவிட்டேன். வாப்பா எனக்கென்று விட்டுப்போன வயல் துண்டை விற்றேன்.

காரைப் பார்த்தேனா என்று கேட்பீர்கள். பார்த்தேன், சுற்றி ஒருமுறை நடந்தேன். பொனட்டைத் திறக்கவில்லை, கராஜுக்குக் கொண்டுபோகவில்லை. மச்சான் முறைக்காரர் கொண்டுவந்து நிறுத்திய சாமானைப் புரட்டிப் பார்த்தால், அவர் முகத்துக்கு நேரே "நீ கள்ளன்" என்று சொன்னதாகிவிடும். அதுவும் இவர் முகம் எப்படிப்பட்டது என்று எனக்குத் தெரியும். கதவு வாசலில் நின்ற றமீஸாவைப் பார்த்தேன். தலையை ஆட்டினாள். சாவியை வாங்கிக்கொண்டேன்.

முதல் மழையிலேயே வாடை தொடங்கியது. காரணத்தைக் கண்டுபிடித்தவள் என் மனைவி. ஒரு சனிக்கிழமை பின் இருக்கையைக் கழற்றி வெயிலில் போட்டு, ரெக்சினைப் பிரித்துத் தும்பை உதறினாள். குருமணல் கொட்டியது. மணலோடு சின்னச் சின்னச் சிப்பிகள். உள்ளங்கையில் பொறுக்கி எடுத்துக்கொண்டு வந்து என் முன்னால் நீட்டினாள்.

"இஞ்ச பாருங்க. பதுளையில கடலும் இரிக்கா?"

பெரியநீலாவணை கராஜ்காரர் செல்லத்துரையிடம் கொண்டுபோனேன். கதவின் உள்பலகையைக் கழற்றியதும் அவர் விசிலடித்தார். பாதிக் கதவுக்குக் கோடு கீறியது போலத் தண்ணீர் நின்ற அடையாளம். "ஸேர், இது எழுபத்தெட்டுச் சூறாவளியில முங்கின கார். நாள்கணக்கா உப்புத் தண்ணிக்குள்ள கிடந்திரிக்கி. ஆரு ஸேர் ஒங்களுக்கு இத வித்தது?" என்றார். யாரோ தெரியாத ஆள் என்றேன். "அவன்ட கையக் காலை முறிக்கணும்" என்றார். நான் பட்டரியைப் பற்றிக் கேட்டேன்.

வீட்டில் பெரிய சண்டை. "மச்சானோட கதைங்க. திருப்பி எடுக்கச் சொல்லுங்க" என்றாள் மனைவி. கதைத்தால் அவர் பெட்டியைத் தூக்குவார், றமீஸா மறுபடியும் சுவரைப் பார்த்துக்கொண்டு கிடப்பாள் என்றேன். "அப்ப ஒங்கட தங்கச்சிட வாழ்க்கைக்காக நான் கருவாட்டுக்குள்ள இரிந்து போகணும்?" என்றாள். அவள் கேட்டதில் என்ன பிழை? நான் சிப்பிகளை வேலிக்கப்பால் எறிந்தேன்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ஒரு நாடகம். கல்முனைக்குடி வீட்டில் பாய் விரித்து சோறு, இறைச்சிக் கறி, கத்தரிக்காய்ப் பால்கறி, புளியாணம். றமீஸாவின் புளியாணத்துக்கு நிகர் இந்தக் கரையிலேயே இல்லை. அதை இன்றைக்கும் மறுக்க மாட்டேன். மச்சான் கையைக் கழுவிக்கொண்டே கேட்பார், "கார் எப்படி மச்சான்?" நான் "அல்ஹம்துலில்லாஹ்" என்பேன். அந்தக் கிழமைதான் ரேடியேட்டர் சம்மாந்துறையில் கொதித்திருக்கும், அல்லது கிளச் அறுந்து பள்ளிக்கூடப் பிள்ளைகள் தள்ளியிருப்பார்கள். இருந்தும் அல்ஹம்துலில்லாஹ். என் பங்குக்கு இறைச்சித் துண்டு கூடுதலாக விழும். என் தங்கச்சி என் கஷ்டம் தெரியாமல் சந்தோஷமாக இருக்கிறாள் என்று நினைத்து எனக்குள்ளே ஒரு பெருமையும் இருந்தது. மடப் பெருமை.

என் மகன் பிறந்த நாள் வந்தது. விடிந்து கொஞ்ச நேரத்தில் மனைவிக்கு வலி. கல்முனை ஆஸ்பத்திரிக்கு அப்படியொன்றும் தூரமில்லை. பாண்டிருப்பில் கார் ஒரு குலுக்குக் குலுக்கி நின்றது. றோட்டில் நின்றவர்கள் தள்ளிப் பார்த்தார்கள், அசையவில்லை. உள்ளே மனைவி பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். சுற்றி ஓடிவந்து கதவை வெளியிலிருந்து திறந்து அவளை இறக்கினேன். நெல் மூட்டை ஏற்றிவந்த உழவு இயந்திரக்காரர் ஒருவர் மூட்டைகளைத் தள்ளி இடம் பண்ணிக் கொடுத்தார். அதில் ஏற்றிக்கொண்டு போய்ச் சேர்ந்தோம். பிள்ளை சுகமாகப் பிறந்தான். தலையில் நெல் உமி ஒட்டியபடி கட்டிலில் கிடந்த அவள் என்னிடம் கேட்டது ஒன்றுதான்: "இப்பயாவது சொல்லுவீங்களா?"

பின்னேரம் மச்சானும் றமீஸாவும் பிள்ளை பார்க்க வந்தார்கள். மச்சான் என் தோளில் கை போட்டார். "நல்ல வேள, ஒங்கட கையில கார் இரிந்திச்சி. என்ன மச்சான்?"

மனைவி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிள்ளையைக் கையில் ஏந்திக்கொண்டு றமீஸாவும் என்னைப் பார்த்தாள்.

"ஓம் மச்சான்" என்றேன்.

மனைவி மறுபக்கம் திரும்பிப் படுத்துவிட்டாள். அதற்குப் பிறகு அவள் காரைப் பற்றி என்னிடம் வாயே திறக்கவில்லை. றமீஸா தலையைக் குனிந்து பிள்ளையைக் கொஞ்சினாள். அவள் கண் கலங்கியிருந்தது போல எனக்குப் பட்டது.

இரண்டொரு வருடத்தில் கார் முற்றாகப் படுத்துவிட்டது. பழைய இரும்பு வாங்குகிறவர் வந்து துண்டு துண்டாக வெட்டி ஏற்றிக்கொண்டு போனார். மச்சான் தரகை விட்டுவிட்டு சவூதிக்குப் போனார். இடையில் எங்கள் உம்மாவும் கண்ணை மூடிவிட்டார். நான் பழையபடி பஸ்ஸில். ஆனால் வெள்ளிக்கிழமைச் சாப்பாடு மட்டும் விடாமல் நடந்தது.

அப்படி ஒரு வெள்ளிக்கிழமை. நானும் தங்கச்சியும் மட்டும். பக்கத்து வீட்டு வாசலில் ஒரே கூச்சல். அந்த வீட்டுக்காரர் விற்ற தண்ணீர் மோட்டார் பழுது என்று வாங்கினவர் வந்து நின்று கிழித்துக்கொண்டிருந்தார். றமீஸா வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்துவிட்டு வந்து எனக்குப் புளியாணம் ஊற்றினாள்.

"பாத்தீங்களா காக்கா? பிறத்தி ஆளுக்கு வித்தா இதான். அந்தத் தண்ணிக்குள்ள கிடந்த கார எங்கட இவரு ஒருத்தருக்கும் தள்ள ஏலாம வெச்சிக்கிட்டுத் தவிச்சாரு. நான்தான் சொன்னன், காக்காட்டக் குடுங்க, எனக்காக அவர் வாய் தொறக்கமாட்டார் எண்டு."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். என்னைப் புகழ்கிறோம் என்றே நினைத்தாள். இதை நான் எத்தனையோ தடவை திருப்பித் திருப்பி யோசித்திருக்கிறேன். அவள் முகத்தில் கள்ளம் ஒன்றும் இருக்கவில்லை. அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. மச்சான் ஏமாற்றினார், அவர் தொழில் அது. இவள் என் அன்பின் அளவை எடுத்துப் பார்த்து, அது எவ்வளவு பாரம் தாங்கும் என்று தெரிந்து ஏற்றியிருக்கிறாள்.

"இன்னும் கொஞ்சம் ஊத்தட்டா காக்கா?"

"போதும் புள்ள" என்றேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை காய்ச்சல் என்று சொல்லி அனுப்பினேன். அதற்கடுத்தது பரீட்சைத் தாள் திருத்த வேண்டும் என்றேன். அதன் பிறகு காரணம் கேட்டு ஆள் அனுப்புவதை அவர்களே நிறுத்திவிட்டார்கள். மனைவிக்கு நான் இதைச் சொல்லவே இல்லை. சொன்னால் அவள் ஆச்சரியப்பட மாட்டாள் என்ற பயம்தான்.

தங்கச்சியின் வீடு இப்போது மாடி வீடு. முன்பக்க அறையை உடைத்து கராஜ் கட்டியிருக்கிறார்கள். நான் போனால் மச்சான் நடுங்கும் கையால் என் கையைப் பிடித்து ஸலாம் சொல்லுவார், பேரப்பிள்ளைகளைக் கூப்பிட்டுக் காட்டுவார். எனக்கு அவர்மேல் ஒன்றுமில்லை. றமீஸா நன்றாகத்தான் கவனிப்பாள். கதிரையைத் துடைத்துப் போடுவாள், பிஸ்கட்டைத் தட்டில் அடுக்கிக் கொண்டுவந்து வைப்பாள்.

முன்பெல்லாம் செருப்பை வாசலில் உதறிவிட்டு ஒரு சத்தமும் போடாமல் நேரே குசினிக்குப் போய்ச் சட்டி மூடியைத் தூக்கிப் பார்ப்பேன். இப்போது பெருநாளைக்குப் போனால் கேற்றடியில் நின்று ஸலாம் சொல்லிவிட்டு, உள்ளேயிருந்து யாராவது "வாங்க" என்று கூப்பிடும்வரை அங்கேயே காத்து நிற்கிறேன்.