போனது கிளிப் இல்லை

எனக்கு வயது எழுபத்து மூன்று. ஐந்து பேரைப் பெற்று ஐந்து பேரையும் வளர்த்து ஆளாக்கியிருக்கிறேன். உதவி என்று ஒருவர் வாசலில் போய் நின்றதில்லை. கடைசி மகன் ராணுவத்தில் இருக்கிறான், வடக்கே. ஆலங்குடி பஸ்ஸில் பக்கத்தில் யார் உட்கார்ந்தாலும் அதைச் சொல்லாமல் நான் இறங்கியதில்லை.

போன மாசம் அவன் போனில் பேசினான். குரல் சரியில்லை.

"ரோந்து போன எடத்துல கிளிப் ஒண்ணு காணாமப் போச்சு ஆத்தா. என் மேல விசாரணை வச்சிருக்காங்க. வேலை நெலைக்கிறதே சந்தேகந்தான்."

கிளிப் என்றால் எனக்குத் தெரிந்தது தலையில் குத்துவதும் கொடியில் துணிக்கு மாட்டுவதும். அதற்கா வேலை போகும்? அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. விடிந்ததும் முந்திரிக்கொல்லைக்கு அந்தப் பக்கம் இருக்கிற பட்டாளத்துக்காரர் வீட்டுக்குப் போனேன். என் வீட்டுக்காரருக்குத் தம்பி முறை. ராணுவத்திலிருந்து பென்ஷனோடு வந்து வெகுகாலம் ஆகிறது.

"என்ன மதினி, மகாராணி இங்கிட்டு வந்துருக்கீங்க? மழை கொட்டப் போகுது போங்க."

விஷயத்தைச் சொன்னேன். சிரித்துவிட்டார். பக்கத்தில் கிடந்த மாத்திரை அட்டையை எடுத்தார்.

"கிளிப்புங்கிறது இது மாதிரி. அஞ்சு தோட்டாவ வரிசையாப் புடிச்சு வச்சிருக்கிற தகரப் பட்டை. துப்பாக்கி மேல வச்சுக் கட்டைவிரலால ஒரு அமுக்கு. தோட்டா உள்ள போயிரும், பட்டைய வீசிருவோம். மாத்திரைய முழுங்கிட்டு அட்டையவா பூட்டி வைக்கிறீங்க?"

"அப்ப வேலை போகாதா?"

"இதுக்கா? போயிச் சாப்புடுங்க மதினி."

வீட்டுக்கு வந்து வயிறாரச் சாப்பிட்டேன். சாயங்காலம் மகனிடம் அதை அப்படியே சொன்னேன்.

"வெறும் பட்டைதானேன்னு ஆபிசருகிட்ட தைரியமாச் சொல்லுடா."

அவன் குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

"ஆத்தா, கிளிப்புன்னு நாங்க பேச்சுக்குச் சொல்றது. போனது மேகசின். தோட்டாவோட போயிருச்சு."

மேகசின் என்று என் பேத்தி படிக்கிற காலேஜில் ஒரு புத்தகம் போடுகிறார்கள். அதுவாக இருக்காது என்கிற அளவுக்கு எனக்கும் புத்தி உண்டு. மறுபடியும் பட்டாளத்துக்காரர் வாசலில் போய் நின்றேன். இந்தத் தடவை அவர் கேலி பேசவில்லை. டார்ச் லைட்டின் அடிமூடியைத் திருகிக் கழற்றினார்.

"இந்த பேட்டரியெல்லாம் தோட்டான்னு வச்சுக்கங்க. பின்னாடி ஸ்பிரிங் தள்ளுது பாருங்க, அந்த மாதிரி ஒரு பெட்டிதான் மேகசின். தோட்டாவ உள்ள அடைச்சு அடியில மாட்டுனா துப்பாக்கியோடயே இருக்கும். ஒண்ணு சுட்டா அடுத்தத ஸ்பிரிங் மேல தூக்கிக் குடுக்கும். பட்டை மாதிரி வீசுற சாமானில்ல."

"அது காணாமப் போனா?"

மூடியைத் திருகிக்கொண்டே இருந்தார்.

"யாரு கையில சிக்கியிருக்குன்னு கேப்பாங்க மதினி. அவன் என்ன பதில் சொல்லுவான்?"

வீட்டில் ஒரு ஊசி விழுந்தால் கூட்டிப் பெருக்கி எடுத்துவிடுவேன். அவன் அதைத் தொலைத்த இடம் எந்தத் திசையில் இருக்கிறதென்றே எனக்குத் தெரியாது. ஆபிசருக்குக் கடுதாசி போடட்டுமா என்று மகனிடம் போனில் கேட்டேன்.

"போட்டுறாத ஆத்தா. இன்னும் கேவலமாப் போயிரும்."

ஊரில் கேட்கிறவர்களிடம் அவனுக்கு லீவு கிடைக்கவில்லை என்கிறேன். விசாரணை இன்னும் முடியவில்லை. நடந்ததையெல்லாம் யாருக்கும் அனுப்பாமல் இந்த நோட்டில் எழுத்துக்கூட்டி எழுதி வைத்தேன். பேத்தியைக் கூப்பிட்டுக் கையில் கொடுத்தேன்.

"படிச்சுக் காட்டுடி. ஒன் சித்தப்பன் மேல தப்பு வர்ற மாதிரி ஒரு வார்த்தை இருந்தாலும் நிப்பாட்டு. நானே கோடு போட்டு அடிச்சுர்றேன்."