சுருட்டை முடிக்கு மேல ஒரு பெர்மிங்

என் முடி எனக்குப் பிடித்திருக்கிறது என்று சொல்லிக்கொண்டு எந்தப் பெண்ணும் பியூட்டி பார்லர் படி ஏறினதில்லை. ஏறினால் எங்கள் தொழில் படுத்துவிடும். நீட்டு முடிக்காரிக்குச் சுருள் வேண்டும். சுருட்டை முடிக்காரிக்குப் படிய வேண்டும். இரண்டும் இல்லாமல் நடுவில் இருப்பவளுக்கு என்ன வேண்டும் என்று அவளுக்கே தெரியாது, வந்து உட்கார்ந்து என்னைக் கேட்பாள்.

எண்பதுகளில் ஆரணி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு சைக்கிள் கடை மாடியில் பார்லர் வைத்திருந்தேன். மெட்ராஸில் ஆறு மாதம் தங்கிக் கற்றுக்கொண்டு வந்த தொழில். என் தலையும் சுருட்டைதான். ஆகவே சீப்பின் பல் உடைந்து முடிக்குள்ளேயே தங்கிப்போன அனுபவம் உள்ள சகோதரிகளே, இது முதலில் உங்களுக்கு. மற்றவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொள்ளலாம், ஆட்சேபணை இல்லை.

"சுருட்டை முடிக்கு பெர்மிங் பண்ணலாமாக்கா?" இந்தக் கேள்வியை அங்கே எத்தனை பேர் கேட்டிருப்பார்கள் தெரியுமா! சிரிக்காதீர்கள், கேள்வியில் நியாயம் இருக்கிறது. மருந்து தடவி, சின்ன உருளையில் சுற்றினால் நீட்டு முடி சுருளும். அதையே பெரிய உருளையில் சுற்றினால் கன்னாபின்னாவென்று கிளம்பி நிற்கிற சுருட்டை முடி கொஞ்சம் அடங்கி, அலை அலையாக இறங்கும். மெட்ராஸ் டீச்சர் இப்படித்தான் சொன்னார். சொன்னதோடு சரி, ஒரு தலையிலும் செய்து காட்டவில்லை.

வெள்ளிக்கிழமை

என் கடையில் நடந்த முதல் பெர்மிங் ஒரு பேங்க் ஆபீசர் மனைவிக்கு. நீட்டு முடி, கம்பி மாதிரி. வியாழக்கிழமை காலையில் உட்கார வைத்து, நாற்பத்திரண்டு உருளை சுற்றி, அந்த மருந்தின் அழுகின முட்டை நாற்றத்தில் இரண்டு பேரும் மூக்கைப் பொத்திக்கொண்டு, மத்தியானம் சாப்பாட்டு நேரம் தாண்டித்தான் முடித்தேன். கண்ணாடியைப் பார்த்து அந்தம்மாவுக்குச் சந்தோஷத்தில் கண்ணே கலங்கிவிட்டது. மூன்று நாளைக்குத் தலையில் தண்ணீர் படக்கூடாது, எண்ணெய் கூடாது, பின்னக்கூடாது என்று ஒரு தடவைக்கு மூன்று தடவை சொல்லி அனுப்பினேன்.

சனிக்கிழமை வந்து நின்றார்கள். தலை எண்ணெயில் பளபளவென்று, நடு வகிடு எடுத்து, ஒற்றைப் பின்னல், நுனியில் ரிப்பன். என் நாற்பத்திரண்டு சுருளில் ஒன்றைக்கூடக் காணோம். நல்லெண்ணெய், வெந்நீர், சீயக்காய் என்று எல்லாம் முடிந்திருந்தது. எனக்கு வந்த கோபத்துக்குக் கையில் இருந்த சீப்பை உடைத்திருப்பேன். "நான் படிச்சுப் படிச்சு சொன்னேனேம்மா" என்று கத்தியேவிட்டேன். அவர்களோ துளி பதற்றம் இல்லாமல் சொன்னார்கள்: "நேத்து வெள்ளிக்கெழமைங்க. தலைக்கு ஊத்திக்காம வெளக்கேத்தச் சொல்றீங்களா?"

தேவகி வந்தாள்

அதற்குப் பிறகு வியாழக்கிழமை பெர்மிங் கிடையாது என்று அட்டையில் எழுதியே மாட்டினேன். அந்த அட்டையைப் படித்துக்கொண்டு ஒரு திங்கட்கிழமை உள்ளே வந்தவள்தான் தேவகி. வயது இருபத்து நாலு. தறியில் நீளவாக்கில் ஓடுகிற பழைய பாவு நூல் தீர்ந்ததும், அதன் ஒவ்வொரு இழையோடும் புதுப் பாவின் இழையைச் சாம்பல் தொட்டு முறுக்கிப் பிணைப்பார்களே, அந்த வேலையில் கெட்டிக்காரி. ஆயிரக்கணக்கான இழை, ஒன்று தவறாது. தலையோ, அப்பாடா, என் தலையை விட ஒரு படி மேல். எண்ணெய் வைத்து அமுக்கி வந்திருந்தாள், வலது காதுக்கு மேல் மட்டும் ஒரு கொத்து பிய்த்துக்கொண்டு நின்றது.

பெரணமல்லூரில் டிராக்டர் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிற ஒரு வரன். இவள் போட்டோ அங்கே போயிருந்தது. ஸ்டூடியோ விளக்குச் சூட்டில் அமுக்கின முடி அங்கங்கே கிளம்பி, பறவை கூடு கட்டினதுபோல் விழுந்திருந்ததாம். "எங்க வீட்ல ஒரு கல்யாணம் இருக்குது, அது முடிஞ்சி பேசலாம். அதுக்குள்ள தலைய படிய வாரி வேற போட்டோ அனுப்புங்க" என்று பிள்ளையின் அம்மா தரகரிடம் சொல்லி அனுப்பிவிட்டார். அதற்கு முன்னால் இரண்டு இடம் தட்டிப்போயிருந்தது. அதற்கெல்லாம் தேவகி கவலைப்படவில்லை. இது போய்விடக் கூடாது என்று மட்டும் இருந்தாள். ஏன் இந்த இடத்துக்கு மட்டும் இந்தப் பாடு என்று கேட்டேன். முகத்தைத் திருப்பிக்கொண்டு சொன்னாள்: "மத்தவங்க எல்லாம் போட்டோல மொறைச்சிகினு இருந்தாங்கக்கா. இவர்தான் சிரிச்சிகினு இருக்காரு."

ஒரு கொத்து

இதைக் கேட்ட பிறகு கை சும்மா இருக்குமா? பெரிய உருளைகளை எடுத்துத் துடைக்க ஆரம்பித்துவிட்டேன். எனக்கு அந்த நேரத்தில் அவள் தலையை விட என் கடைதான் பெரிதாகத் தெரிந்தது என்பதை மறைக்கவில்லை. சுருட்டை முடியை அடக்கிக் காட்டிவிட்டால் கலசப்பாக்கம் வரைக்கும் பேர் போய்விடும் என்று கணக்குப் போட்டேன். தேவகிதான் நிறுத்தினாள். அவள் அண்ணன் சாயப்பட்டறை வைத்திருப்பவர். எந்த நூலாக இருந்தாலும் முதலில் ஒரு கொத்தை நனைத்து, காய வைத்து, வெளிச்சத்தில் பார்த்த பிறகுதான் மொத்தத்தையும் தொட்டியில் இறக்குவாராம். "எனக்கும் அதே மாதிரி அடியில ஒரு கொத்து போட்டுப் பாருக்கா" என்றாள். மெட்ராஸ் டீச்சரும் இதையேதான் சொல்லியிருந்தார். அவசரத்தில் நான் மறந்திருந்தேன்.

பிடரியில் வெளியே தெரியாத இடத்தில் ஒரு கொத்து பிரித்து, மருந்து தடவிச் சுற்றினேன். பத்து நிமிடம் கழித்து அவிழ்த்தால், கடவுளே, முடி ரப்பர் மாதிரி இழுபட்டு, பட்டென்று அறுந்து என் கையோடு வந்துவிட்டது. இந்த மருந்துக்கு நல்ல முடி இப்படி அறாது. "தலைக்கு என்னடி போட்டே, மறைக்காம சொல்லு" என்று தோளைப் பிடித்து உலுக்கினேன். சீப்பைப் பார்த்துக்கொண்டே வாயைத் திறந்தாள். பதப்படுத்தாத பச்சைப் பட்டு நூல் முரட்டுத்தனமாக, விறைப்பாக இருக்கும். அதை சோப்பும் சோடா உப்பும் போட்டுக் கொதிக்க வைத்துப் பசை எடுத்தால் மெத்தென்று, பளபளவென்று ஆகிவிடும். அண்ணன் பட்டறையில் தினம் பார்க்கிறவள்தானே, அதே தண்ணீரை ஆற வைத்து ஒரு மாதமாகத் தலையில் ஊற்றி அலசிக்கொண்டிருந்திருக்கிறாள். நான் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அவள் அழுதுகொண்டே என்னிடமே நியாயம் கேட்டாள்: "பட்டுக்கு நல்லா இருக்கறது முடிக்கு மட்டும் ஏங்க்கா ஆவாது?"

நாலு மாசம்

பெர்மிங் இல்லை என்று அன்றைக்கே சொல்லிவிட்டேன். நாலு மாதம் தலையில் சோடா படக்கூடாது, தேங்காயெண்ணெயும் சீயக்காயும்தான். கருகின நுனியை நாலு விரல் வெட்டினேன். காய்ந்த தலையில் சீப்பே வைக்கக் கூடாது, ஈரத்தில் விரலால் கோதி, அகலப் பல் சீப்பால் நுனியிலிருந்து மேலே மேலே சிக்கெடுத்து, அப்படியே காய விட வேண்டும் என்று காட்டிக் கொடுத்தேன். சுருட்டையை அடக்காமல் அது போகிற வழியில் விடுகிற வித்தை. என் தலையில் பத்து வருஷம் அடிபட்டு நானே கண்டுபிடித்தது. டீச்சருக்குத் தெரியாது.

மறுநாள் தேவகியின் அம்மா வந்துவிட்டார். மகள் முடி அறுந்த கோபம் ஒரு பங்கு, வரன் கைநழுவும் பயம் மூன்று பங்கு. மெட்ராஸ் மருந்து இருக்கும்போது என்ன பெரிய தயக்கம், ஜல்தியாக வேலையை முடித்துவிட வேண்டியதுதானே என்றார். மொத்தத் தலையும் அறுந்து விழுந்தால் போட்டோவுக்கு முக்காடுதான் போட வேண்டும் என்றேன். என் வாயும் அப்படித்தான், சும்மா இருக்காது. அவர் படியில் நின்று, கீழே சைக்கிள் கடைக்குக் கேட்கும்படி சொல்லிவிட்டுப் போனார்: "போர்டுல பெர்மிங்னு எழுதி வச்சிகினு பண்ண மாட்டேன்றியே, ஓட்டலுக்கு வந்தவன எலை போட்டு உக்கார வச்சி பட்டினியா அனுப்பற மாதிரி இருக்குதும்மா!"

இரண்டாவது கொத்து

நாலு மாதம் கழித்து வந்தாள். புதிதாக வளர்ந்த முடி கருகருவென்று இருந்தது. பிடரியில் பழைய இடத்துக்குப் பக்கத்தில் வேறு ஒரு கொத்து பிரித்து மறுபடி மருந்து போட்டேன். இந்தத் தடவை அறவில்லை. அலசித் துடைத்தால், டீச்சர் சொன்ன அதே அலை! ஏற்றம் இறக்கமாக, அடங்கி, அழகாக இறங்கி நின்றது. எனக்குக் குதிக்க வேண்டும் போல் இருந்தது. முழுத் தலையும் செய்துவிடலாம், உட்காரு என்றேன்.

தேவகி உட்காரவில்லை. அந்தக் கொத்தை முன்னால் இழுத்து, தன் சுருட்டையோடு சேர்த்து வைத்துக் கண்ணாடியில் பார்த்தாள். இது எத்தனை நாள் தாங்கும் என்று கேட்டாள். ஆறு மாதம் என்றேன். அதற்குப் பிறகு? வேரிலிருந்து வருகிறது உன் சுருட்டை முடியாகத்தான் வரும், மறுபடி போட வேண்டும் என்றேன். நான் பயந்த மாதிரியே, அவள் உருளைகளை ஒவ்வொன்றாக டப்பாவில் எடுத்துப் போட்டாள். இவள் சம்மதித்திருந்தால் என் கடைக்குப் பேர் வந்திருக்கும். ஆனாலும் வருத்தமாக இல்லை, அதுதான் ஆச்சரியம். டப்பாவை மூடி என் கையில் கொடுத்துச் சொன்னாள்: "கல்யாணம் ஆறு மாசத்துக்கில்லியேக்கா. எப்பவும் எப்படி இருப்பேனோ அப்படியே போட்டோ எடுத்து அனுப்பறேன், அதைப் பாத்து சிரிக்கிறவரா இருந்தா வரட்டும்."

பெரணமல்லூர் அம்மா

போட்டோ போனது. முடியை அமுக்காமல், விரலால் மட்டும் கோதி, சுருள் சுருளாகத் தோளில் விட்டு எடுத்த போட்டோ. மூன்று வாரம் பதில் இல்லை. தேவகி ஒன்றும் கேட்கவில்லை. எனக்குத்தான் சோறு இறங்கவில்லை. பேசாமல் பெர்மிங் போட்டு அனுப்பியிருக்கலாமோ, வற்புறுத்தாமல் விட்டு ஒரு பெண்ணின் வாழ்க்கையைக் கெடுத்துவிட்டேனோ என்று நாளெல்லாம் இதே பேஜார்.

ஒரு புதன்கிழமை ஒரு அம்மா மூச்சு வாங்கப் படியேறி வந்தார். கையில் மஞ்சள் பை, கண்ணில் தடித்த கண்ணாடி. பையிலிருந்து எடுத்தது தேவகியின் போட்டோ. "ஏம்மா, இது உன் வேலைதானா? படிய வாரச் சொன்னா சினிமாக்காரி மாதிரி மருந்து போட்டு சுருட்டிகினு இருக்குது இந்தப் பொண்ணு. தரகரே சொல்ட்டாரு, பார்லர் பக்கம் வந்து போவுதுன்னு. எம் பிள்ளை என்னடான்னா இதான் பொண்ணுன்னு ஒத்த கால்ல நிக்கிறான்" என்றார். இது பிறவிச் சுருட்டை, மருந்தால் வந்தது இல்லை என்று சத்தியம் செய்தேன். அந்தம்மா அசைய வேண்டுமே! "பட்டுன்னா ஒரு இழைய கொளுத்திப் பாத்து வாங்கறவங்க நாங்க. பொண்ண வரச்சொல்லு, ஒரு முடிய கொளுத்திப் பாக்கறேன்" என்றார். பட்டைக் கொளுத்தினாலும் முடியைக் கொளுத்தினாலும் ஒரே நாற்றம்தானே அம்மா வரும், அதில் என்ன தெரியும் என்று கேட்டுவிட்டு, கடையை அவரிடமே விட்டுவிட்டு இரண்டு தெரு தாண்டி ஓடினேன்.

தேவகி பாவு பிணைத்துக்கொண்டிருந்தவள், விரலில் சாம்பலோடு வந்தாள். உள்ளே வந்து வணக்கம் சொல்லிவிட்டுக் கொண்டையை அவிழ்த்து, ஜன்னல் பக்கம் போய் உட்கார்ந்தாள். மருந்து போட்ட முடியாக இருந்தால் வேர்ப் பக்கம் சுருளாமல் நேராக வளர்ந்திருக்கும், வேரைப் பாருங்கள் என்றேன். அந்தம்மா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, வகிடு வகிடாகப் பிரித்துப் பார்த்தார். புடவையில் இழை பார்க்கிறாற்போல் ஒவ்வொரு இடமாக. கடைசியில் கையை எடுத்துவிட்டு, "வேர்லயே சுருட்டிகினுதான் வருது. ஒரிஜினல்தான்" என்றார். அவர் முகத்தில் ஒரு நிம்மதி. தேவகி கொண்டையை முடிந்துகொண்டே எழுந்தாள். "என் தலைய பாத்துட்டீங்கம்மா. உங்க பிள்ளை தலைய யார் பாக்கறது?" என்று கேட்டாள். போச்சு, எல்லாம் போச்சு என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன். அந்தம்மா நாற்காலியில் உட்கார்ந்து, கண்ணில் தண்ணீர் வரும் வரை சிரித்தார். அப்புறம் சொன்னார்: "ஞாயித்துக்கெழம இட்டுகினு வரேன். முன்னால நெத்தி கொஞ்சம் ஏறிகினு போவுது, இப்பவே சொல்ட்டேன், நீயே பாத்துக்கோ."

நான் மருந்து போட்டுச் சுருட்டி அனுப்பிய தலைகள் எத்தனையோ, ஆனால் வெற்றிலை பாக்கோடு படியேறி வந்து எனக்கு முதல் கல்யாணப் பத்திரிகை வைத்தது, இரண்டு கொத்துக்கு மேல் மருந்தே படாத தலை.